சாமனப்பள்ளியில் தொடங்கியது ஒப்பந்தப் பணியோடு நின்றுவிடக் கூடாது

2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஓசூரை அடுத்த சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை வரும் திட்டம் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். அதன் இன்னொரு பகுதி அதிகம் பேசப்படவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களையும், குணமாகாத நோயோடு கடைசி நாட்களில் இருப்பவர்களையும் செவிலியர் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அந்தப் பகுதி. இதை நோய் ஆதரவுச் சிகிச்சை என்கிறார்கள். ஒன்றியத்துக்கு ஒரு செவிலியர், ஒரு இயன்முறை மருத்துவர் என்பது திட்டத்தின் ஏற்பாடு. 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. விருதை வரவேற்கிறோம். அந்த ஒரு செவிலியரின் நிலை என்ன என்பதையும் பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியில் அவருடைய தேவை பெரிது. ஓசூர் சிப்காட் உருவாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இயந்திரத்திலும் கிரானைட் குவாரியிலும் உழைத்த தலைமுறை முதுமையில் நோயோடு நிற்கிறது. புற்றுநோய் என்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். கையில் இருப்பதை விற்றவர்கள் பொம்மசந்திராவின் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். “இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லப்பட்டதும் அதே சாலையில் திரும்பி வருகிறார்கள். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் பேசுவது தெலுங்காகவோ கன்னடமாகவோ உருதுவாகவோ இருக்கும். பெங்களூருவில் கருணாஷ்ரயா போன்ற இலவச ஹாஸ்பிஸ் இருக்கிறது. தளி ஒன்றியத்தின் மலைக் கிராமத்தில் படுத்திருப்பவருக்கு அது எட்டாத தூரம். அவருக்கு அந்த ஒன்றியச் செவிலியர்தான் ஹாஸ்பிஸ்.

செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் உண்மையில்லை. படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குவழிக் குழாயில் உணவு கொடுக்கக் குடும்பத்துக்குக் கற்றுத்தருவது, வாய்ப்புற்றின் அழுகல் வாடையைக் குறைப்பது, வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்வது, மார்பின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வருமுன் அதற்கும் மருந்து தரச் செய்வது, இன்னும் எத்தனை நாள் என்று கேட்கும் மகளிடம் பொய் சொல்லாமல் பேசுவது என்று செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் படிப்பும் பயிற்சியும் வேண்டும்.

இந்த வேலையைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் சாதி வருகிறது. சீழ், மலம், பிணம் ஆகியவற்றைத் தொடும் வேலைகளை நம் சமூகம் சில சாதிகளின் தலையில் கட்டியது. கட்டிவிட்டு, தொட்டவர்களையே தீட்டு என்றது. செவிலியர் தொழிலும் அந்தப் பார்வைக்குத் தப்பவில்லை. வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கிய காலத்தில், மேல்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கின. அந்நியர் உடலைத் தொடுவது அவர்களுக்கு இழிவு. மிஷன் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்று முன்வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கிறித்தவர்களான பெண்கள் கணிசம். நம் மரபில் வேறொரு முன்னுதாரணமும் உண்டு. 1897இல் புனே வட்டாரத்தில் பிளேக் பரவியபோது, மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைத் தூக்கிச் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்த சாவித்ரிபாய் பூலே அதே நோய்க்கு உயிரைக் கொடுத்தார். தொடுவதை அரசியலாகச் செய்தவர் அவர்.

மருத்துவமனையில் நோயாளி செவிலியரிடம் வருகிறார். வீட்டுச் சிகிச்சையில் செவிலியர் நோயாளியின் வாசலுக்குப் போகிறார். “எந்த ஊரும்மா, எந்தத் தெரு?” என்ற கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் எந்தக் குவளையில் வருகிறது, உள்ளறை வரை விடுகிறார்களா திண்ணையோடு நிறுத்துகிறார்களா என்பதெல்லாம் பணியிடப் பிரச்சினை. பகுதி நேரில் எதிராகவும் நடக்கலாம். ஊர்த்தெருவுக்குப் போகிற வண்டி சேரிக்குப் போகாமல் திரும்பலாம். அரசமைப்பின் 17ஆவது பிரிவும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. செவிலியரைச் சாதி கேட்டு அவமதித்தால் புகாரை எடுத்து நடத்த வேண்டியது சுகாதாரத் துறையின் பொறுப்பு. “பார்த்து அனுசரிச்சுப் போம்மா” என்று சொல்லும் அதிகாரி சாதிக்குத்தான் வேலை செய்கிறார்.

“நம் பிள்ளைகளை மறுபடியும் புண் கழுவும் வேலைக்கா போகச் சொல்கிறீர்கள்?” என்று சேரியிலிருந்து ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. வேலையை மட்டுமல்லாமல் வேலை செய்கிறவர்களையே சாதி கூறுபோட்டு அடுக்கிவைத்திருக்கிறது என்பதை அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். பிறப்பால் திணித்து, வெளியேற வழியில்லாமல், கூலியும் மரியாதையும் தராமல் வைத்ததே இழிவு. விரும்பிப் படித்து, பதிவு பெற்ற செவிலியராக, நிரந்தர ஊதியத்தோடும் பதவி உயர்வோடும் செய்தால் அது தொழில். அதை எல்லாச் சாதியிலிருந்தும், ஆண்களும் பெண்களும் செய்ய வேண்டும்.

ஆனால் இன்று தரப்படுவது என்ன? இந்தத் திட்டத்தின் செவிலியர்கள் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் எடுக்கப்படுகிறார்கள். இந்த நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்துவிட்டோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று வந்தவர்களே பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. ‘சேவை’, ‘தேவதை’, ‘பெண்களுக்கே உரிய கருணை’ என்ற புகழ்ச்சியெல்லாம் சம்பளத்தைக் கேட்கவிடாமல் செய்யும் வேலை. சாதியும் இப்படித்தான் உழைப்புக்குத் தர்மம் என்று பெயர் வைத்தது.

ஊதியத்தைப் போலவே அதிகாரமும் வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்பினை மருத்துவமனைகளுக்கே அரிதாக்கியது. 2014இல் திருத்தம் வந்து விதிகள் தளர்ந்தன. ஆனாலும் மலைக் கிராமத்தில் வலியைக் கண்ணால் பார்க்கும் செவிலியரால் அந்த மருந்தை எழுதித்தர முடியாது. உகாண்டாவில் முடியும். சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வாய்வழி மார்பினைத் தாங்களே எழுதித்தர 2004இல் அந்த நாடு சட்டத்தைத் திருத்தியது. இந்தியாவில் தீவிர சிகிச்சைக்கும் மகப்பேற்றுக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்குப் பாதை போடப்பட்டிருக்கிறது. சாகிறவர்களைப் பார்க்கும் செவிலியருக்கும் அந்தப் பாதை வேண்டும். நவீன ஹாஸ்பிஸை உருவாக்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர். பிறகு படித்து 1957இல் மருத்துவரானார். செவிலியரின் சொல் எடுபட அவர் மருத்துவராக வேண்டிய நிலை இனியும் தொடரக் கூடாது. “உழைச்ச உடம்பு, தாங்கும்” என்று யாருடைய வலியைத் தள்ளிவைக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேரளம் 2008இலேயே இதற்கெனக் கொள்கை வகுத்து, ஊராட்சி தோறும் வீட்டுக்குப் போகும் செவிலியர்களை அமர்த்தியது. தமிழ்நாட்டிடம் நாம் கேட்பது: ஒன்றியச் செவிலியர் பணியிடங்களை நிரந்தரமாக்குங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியை இதற்கான பயிற்சி மையமாக்குங்கள். மார்பின் எழுதும் உரிமையுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் பணிக்கு ஒன்றிய அரசிடம் வாதாடுங்கள். சாதி அவமதிப்புக்கு மாவட்ட அளவில் புகார் முறையை ஏற்படுத்துங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, சிப்காட் கம்பெனியா நர்சிங்கா என்று யோசிக்கும் தோழர்களுக்கும் ஒன்று. செவிலியர் பட்டம் 4 ஆண்டு, பட்டயம் 3 ஆண்டு. அதன்பின் திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா போன்ற நிறுவனங்களில் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் உங்கள் நாக்கு இந்த வேலையில் ஒரு தகுதி. விரும்பினால் வாருங்கள். வரும்போதே சங்கத்திலும் சேருங்கள்.