எலும்பின் இரகசியக் கணக்கு

சென்ற ஆண்டு எமது தாயார் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். முறிவு ஏதுமில்லை என்று எக்ஸ்ரே காட்டிற்று. எனினும் இடுப்பு நோவினால் 6 வாரம் படுக்கையிற் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கிய நான்காம் நாள், அடுக்களை வாசற்படியிற் சற்றே தடுமாறிச் சுவரிற் கையூன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"இவ்வளவு இலேசாய் எலும்பு முறியுமோ, தம்பி?" என்று அவர் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. வைத்தியரோ, முதுமையிற் படுக்கையே எலும்பைக் கரைக்கும் என்றும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியும் என்றும் விளக்கினார். அப்படியாயின், கரையத் தொடங்கும்போதே அறிய வழியில்லையா?

இவ்வினாவுடன் நூல்களைப் புரட்டியபோது, நாம் வகுப்பிற் படிப்பிக்கும் சமதானிகளே எதிர்ப்பட்டன. ஒரே மூலகத்தின் அணுக்களுள் எடையில் வேறுபட்டவையே சமதானிகள். கதிர் வீசுபவையும் அவற்றுள் உண்டு. நாம் இங்கே கூறுபவை கதிர் வீசாதவை. பிறந்த நாள் முதல் எம் உடலில் உள்ளவை, அஞ்ச வேண்டியதில்லை.

உண்ணும் உணவுக்கேற்ப இவற்றின் விகிதம் மாறும். காபனில் 100க்கு ஏறத்தாழ 1 பங்கு பாரமான காபன் 13. அரிசியில் அது சற்றுக் குறைவு. குரக்கனிலும் சோளத்திலும் சற்றுக் கூடுதல். பாரமான நைதரசன் 15, ஒன்றையொன்று தின்னும் படி ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். சிறுமீனைப் பெருமீனும் அதனை இன்னொரு மீனும் விழுங்கும் கடலிற் படிகள் பல. ஆதலால் எமது துறைமுகத்திற் பாரையும் அறக்குளாவும் நாள்தோறும் உண்பவரின் தலைமயிர், மரக்கறி உண்பவரின் மயிரினின்று வேறுபடும். (வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி உண்போர் இச்சோதனையில் தப்ப முடியாது!) எம் தீவின் பட்டதொம்பலென முதலிய குகைகளிற் கிடைத்த பற்களை இம்முறையில் ஆராய்ந்தே, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரும் இங்கு மனிதர் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என்று 2015இல் அறிஞர் வெளியிட்டனர்.

உணவு மட்டுமன்று, நோயும் விகிதத்தை மாற்றும். மசக்கை வாந்தியால் மெலிந்த கர்ப்பிணிகளின் கூந்தலில், மெலிந்த அந்நாட்களில் வளர்ந்த பகுதியில் மட்டும் நைதரசன் 15 கூடியிருந்ததை 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. உணவு போதாதபோது உடல் தன் தசையையே உண்கிறது. அக்கணக்கைக் கூந்தல் எழுதி வைக்கிறது. ஈரற் புற்றுநோயாளரின் குருதியிற் செம்பின் விகிதம் மாறுவதும் 2015இல் அறியப்பட்டது.

இனி எலும்புக்கு வருவோம். வளர்ந்த மனிதர் உடலில் ஏறத்தாழ 1 கிலோ கல்சியம் உண்டு. 100க்கு 99 பங்கு எலும்பிலும் பற்களிலுமே. எலும்பு உருவாகும்போது இலேசான கல்சிய அணுக்களையே சற்று அதிகமாக ஏற்றுக்கொள்ளும். பாரமானவை குருதியில் எஞ்சும். எலும்பு கரையும்போதோ, சேமித்த இலேசான அணுக்கள் குருதியில் இறங்கிச் சிறுநீரில் வெளியேறும். எனவே சிறுநீரின் கல்சியம் வழமையிலும் இலேசானால், உள்ளே எலும்பு கரைகிறது என்று பொருள்.

விண்வெளியில் வாழ்வோரின் எலும்பும் இவ்வாறே கரைவதால் நாசாவுக்கும் இதில் அக்கறை உண்டு. அந்நிறுவனமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, உடல்நலமுள்ள 12 பேரை 30 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து சோதித்தன. 2012இல் வெளியான முடிவின்படி, 7 நாளிலேயே சிறுநீரின் கல்சியம் மாறத் தொடங்கிவிட்டது. எக்ஸ்ரேக் கருவியில் எலும்பின் அடர்த்தி குறைந்ததாகத் தெரிவதற்கு வெகு முன்னரே நிகழ்ந்தது இது. ஏழே நாள்! எமது தாயார் கிடந்ததோ நாற்பத்திரண்டு நாள்.

ஆயினும் நாளையே ஆசுபத்திரிக்குச் சென்று இச்சோதனையைக் கேட்க வேண்டாம். ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய வேறுபாட்டை அளக்கும் திணிவு நிறமாலைமானியும், அதனைக் கையாளத் தேர்ந்தோரும் இதற்கு வேண்டும். இது இன்னும் ஆய்வுகூடத்தை விட்டுப் பரவலாக வெளிவரவில்லை. தலைமயிர் ஒன்றைக் கொடுத்தால் எல்லா நோயையும் சொல்வோம் என்று எவரேனும் பணம் கேட்டால், மயிரையும் பணத்தையும் வீட்டிலேயே வைத்திருப்பது நன்று.

தாயாரின் மணிக்கட்டு இப்போது பொருந்திவிட்டது. வைத்தியரின் சொற்படி, மாலைதோறும் உட்துறைமுக வீதியில் எமது கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சென்ற கிழமை முதல், கையை விடும்படி எம்மை அதட்டுகிறார்.