சங்கில் செதுக்கிய முகம்

இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே தொரே தெல் கிரேக்கோ என்றோர் ஊர் உண்டு. பவளத்துக்கும், கேமியோ எனப்படும் சங்குச் சிற்ப அணிகளுக்கும் பெயர்பெற்றது. அக்கலையைக் கற்பிக்க 1878ஆம் ஆண்டிலேயே அங்குப் பள்ளி தோன்றிற்று. சங்கின் வெண்ணிற அடுக்கில் உருவத்தைச் செதுக்கி, அதன் கீழுள்ள பழுப்பு அடுக்கைப் பின்புலமாக விடுவர்.

அத்தகைய பழைய பதக்கம் ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், அதைக் கல்லென்று எண்ணிவிடாதீர்கள். சங்கு சுண்ணாம்பு சேர்ந்த பொருள். புளியோ எலுமிச்சையோ காடியோ பட்டால் கரையும். மூக்கின் கூர்மையும் கூந்தலின் சுருளும் முதலில் மழுங்கும். மழுங்கியதை எந்தப் பொற்கொல்லரும் மீட்டுத்தர இயலாது. நகை துலக்குவதில் ஆர்வம் மிக்க தாய்மாருக்கு இது கசப்பான செய்தியே!

முதலில் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தென்பட்டால் நீரே வேண்டாம். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். இல்லையெனில், வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு ஒரு துளி கலந்து, அத்தூரிகையை நனைத்து வருடுங்கள். ஊறவைத்தல் ஆகாது, சட்டத்தில் ஒட்டியுள்ள பசை இளகிவிடும். வெள்ளி துலக்கும் பொடியும் சங்கின்மேல் படலாகாது.

வறண்டாலும் சங்கு வெடிக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை மினரல் ஆயில் ஒரு சொட்டை விரல்நுனியால் தடவி, ஓரிரவு விட்டு, மென்துணியால் ஒற்றியெடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். வாசனைத் தைலம் பூசி உலர்ந்த பின்னரே பதக்கத்தை அணிவது நலம்.