ஆபரேஷன் முடியும் நேரத்தில் புதுக் கையுறை: இந்தச் சின்ன விஷயத்தை ஏன் கேட்டு வாங்க வேண்டும்?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வயிற்றில் ஆபரேஷன் என்றால் நாம் முதலில் என்ன செய்வோம்? டாக்டர் பெயரை கூகுளில் தேடுவோம். மருத்துவமனைக்கு எத்தனை ஸ்டார் என்று பார்ப்போம். லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா, இன்ஷூரன்ஸில் கேஷ்லெஸ் உண்டா என்று விசாரிப்போம். ‘தையல் போடுறதுக்கு முன்னாடி கையுறையை மாத்துவீங்களா டாக்டர்?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இனி கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

அது என்ன ஆய்வு?

2022-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் ‘சீட்டா’ என்ற ஆய்வின் முடிவு வெளியானது. இந்தியா, கானா, நைஜீரியா, பெனின், ருவாண்டா, தென் ஆப்பிரிக்கா, மெக்சிகோ என 7 நாடுகள்; 81 மருத்துவமனைகள்; வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 13,301 பேர். கொரோனா காலத்திலேயே, 2020 ஜூன் முதல் 2022 மார்ச் வரை நடந்த ஆய்வு இது.

மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் எல்லாம் வழக்கம்போல. இன்னொரு பிரிவில் ஒரே ஒரு மாற்றம். உள்ளே வேலை முடிந்து, வயிற்றை மூடித் தையல் போடுவதற்குச் சற்று முன், அறுவை செய்யும் குழுவினர் புதுக் கையுறை போட்டுக்கொண்டு, புதிதாகச் சுத்திகரித்த கருவிகளை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

30 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். வழக்கமான பிரிவில் 18.9 சதவீதம் பேருக்கு அறுவை செய்த இடத்தில் தொற்று. கையுறையும் கருவியும் மாற்றிய பிரிவில் 16.0 சதவீதம்.

இதன் லாஜிக் எளிது. மீன் அரிந்த கத்தியை எடுத்து அப்படியே வெள்ளரிக்காய் நறுக்க மாட்டோம். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. உள்ளே வேலை பார்த்த கையுறையிலும் கருவியிலும் அவை ஒட்டியிருக்கும். அதே கையால் தோலையும் தசையையும் தைத்தால், கிருமியும் சேர்ந்து உள்ளே போகும்.

இவ்வளவு எளிதான விஷயத்தை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறோம்? வழக்கமான பிரிவில் இப்படி இரண்டையும் மாற்றியது 100-க்கு ஒருவருக்குக்கூட இல்லை. செய்யச் சொன்ன பிரிவிலோ 98 சதவீதத்துக்கும் மேல் செய்தார்கள். அதாவது, செய்ய முடியாமல் இல்லை, பழக்கம்தான் இல்லை.

‘3 சதவீதம்தானே?’

எண்ணாகப் பார்த்தால் சின்னது. மனிதர்களாகப் பாருங்கள். சுமார் 35 பேருக்கு இப்படி மாற்றினால் ஒருவருக்குத் தொற்று தவிர்க்கப்படும். அந்த ஒருவருக்குத் தொற்று வந்தால் என்ன ஆகும்? சீழ் பிடிக்கும். தையல் பிரியலாம். தினமும் டிரெஸ்ஸிங், திரும்ப ஆன்டிபயாடிக், சில சமயம் திரும்ப அட்மிஷன். மாதச் சம்பளக்காரர் லீவு போட்டுச் சமாளித்துவிடுவார். ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் வருமானமே நின்றுவிடும்.

இந்தச் சுமை எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. 2018-ல் வெளியான ‘குளோபல்சர்ஜ்’ ஆய்வு, 66 நாடுகளில் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 12,539 பேரைப் பார்த்தது. மனிதவள மேம்பாட்டில் முன்னணியில் உள்ள நாடுகளில் தொற்று 9.4 சதவீதம். நடுத்தர நாடுகளில் 14.0. பின்தங்கிய நாடுகளில் 23.2.

காஸ்ட்லி என்றால் நல்லது என்று அர்த்தமா?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. ‘சீட்டா’வுக்கு முந்தைய ஆண்டு, 2021-ல், இதே 7 நாடுகளில் நடந்த ‘ஃபால்கன்’ ஆய்வும் ‘தி லான்செட்’டில் வந்தது. 54 மருத்துவமனைகள், 5,788 பேர். கிருமிநாசினி பூசிய ஸ்பெஷல் தையல் நூல், சாதாரண நூலைவிடத் தொற்றைக் குறைக்கிறதா? ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின், நமக்குப் பழக்கமான போவிடோன் அயோடினைவிட மேலா? இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

இந்த இரண்டையும் 2016-ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருந்தது என்பதைக் கவனியுங்கள். விசேஷ நூல் கைகொடுக்கவில்லை. கையுறை மாற்றம் கைகொடுத்தது. எனவே மருத்துவமனை விளம்பரத்தில் மின்னும் புது மெஷினை மட்டும் வைத்துத் தரத்தை அளக்காதீர்கள் என்பதே என் கருத்து. விளம்பரத்தில் வராத பழக்கங்களில்தான் நிறைய விஷயம் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு

எந்த மருத்துவமனை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது சிகிச்சை தந்தவர்களுக்கும் முடிவைப் பதிவு செய்தவர்களுக்கும் தெரியும், நோயாளிகளுக்குத்தான் தெரியாது. பலன் தந்தது கையுறையா, கருவியா என்று தனித்தனியாகவும் இதில் பிரித்துப் பார்க்க முடியாது. வயிற்று அறுவைக்குக் கிடைத்த முடிவை அப்படியே மூட்டு அறுவைக்கும் கண் அறுவைக்கும் பொருத்தக் கூடாது.

செலவும் இருக்கிறது. கையுறை பெரிய விஷயமில்லை. கருவிகளை மறுபடி சுத்திகரிக்க ஆளும் நேரமும் வேண்டும். சின்ன மருத்துவமனைகளுக்கு இது உண்மையான சிரமம். ஆனால் மூடுவதற்குத் தேவையான சில கருவிகளை மட்டும் தொடக்கத்திலேயே தொடாமல் தனியாக எடுத்துவைக்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

ஒன்று: வயிற்றை மூடும் முன் கையுறையும் கருவியும் மாற்றுவீர்களா?

இரண்டு: முடியை எப்படி எடுப்பீர்கள்? பிளேடால் மழிக்கக் கூடாது. அவசியம் என்றால் டிரிம்மர் மாதிரியான கிளிப்பரால் மட்டுமே எடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல். மழிக்கும்போது விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசல்.

மூன்று: ஆன்டிபயாடிக் ஊசி எப்போது? தடுப்புக்காகத் தருவதென்றால், கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் தர வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகும் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று தடுப்பு மருந்தை நாள் கணக்கில் நீட்டிக்கக் கூடாது. ஏற்கெனவே தொற்று இருந்தால் விஷயம் வேறு. அது சிகிச்சை, டாக்டர் சொல்கிறபடி முழுசாக எடுக்க வேண்டும்.

நான்கு: உங்கள் மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேருக்கு 30 நாளுக்குள் தொற்று வந்தது?

கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் கிடைக்காது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு சீழ் பிடித்தால், பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போகிறோம். ஆபரேஷன் செய்த இடத்துக்கு அது தெரியாமலே போகிறது. எண்ணாத ஒன்றை எப்படிக் குறைப்பது?

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. அந்தப் பணியாளர்களே அறுவை முடிந்து வீடு திரும்பியவரின் காயத்தையும் ஒருமுறை பார்த்துப் பதிவு செய்தால், 30 நாள் கணக்கு கைக்கு வரும். தனியார் மருத்துவமனைகளுக்கு 30-ம் நாள் ஒரு போன்கால் போதும். காப்பீட்டுப் பணம் தரும் அரசும் நிறுவனங்களும் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை நாம் கேட்போம். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தைய நாள், மரியாதையாக, ஒரே நிமிடம் கேட்டால் போதும். நல்ல மருத்துவர் பதில் சொல்வார்.