மண்ணுக்குத் திரும்பாத எலும்புகள்

2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஓர் ஏல நிறுவனம், 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாகா மனிதர் ஒருவரின் மண்டையோட்டை விற்பனைப் பட்டியலில் சேர்த்தது. நாகாலாந்து முதல்வர் நெய்பியு ரியோ வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்பு வலுத்ததும் ஏலப் பொருள் திரும்பப் பெறப்பட்டது. காலனி ஆட்சியில் கொண்டுபோகப்பட்ட மனித எச்சங்கள் பல, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்னும் இருக்கின்றன.

நம்மோடு நெருங்கிய ஒரு வரலாறும் உண்டு. ஆலம் பேக், 46ஆவது வங்காளக் காலாட்படையின் ஹவில்தார். 1857 கிளர்ச்சியில் பங்கெடுத்தார் என்று 1858இல் சியால்கோட்டில் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார். அவருடைய தலையை ஒரு பிரிட்டிஷ் படை அதிகாரி வெற்றிச் சின்னமாக எடுத்துச் சென்றார். 1963இல் அது கென்ட் பகுதியின் ஒரு மதுக்கடையில் கண்டெடுக்கப்பட்டது. கண்குழியில் செருகியிருந்த சீட்டு அவரைக் கொலைகாரர் என்றது. ஆய்வு செய்த வரலாற்றாசிரியர் கிம் வாக்னர், அந்தக் கொலைகளை அவர் செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோதும் எழுந்து நின்றார்கள். ஆகவே கண்ணியம் முஸ்லிமுக்கு மட்டும் உரியதல்ல. நாகா சகோதரரின் மண்டையோட்டுக்கும் அதே நியாயம்தான். கிடைத்தது தலை மட்டும் என்றால் ஜனாஸா தொழுகை உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கண்ணியமாக அடக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

ஆராய்ச்சிக்குத் தேவை என்று சிலர் சொல்வார்கள். அறிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொல்லப்பட்டவரின் தலையை உறவினரைக் கேட்காமல் எடுத்துச் சென்றது அறிவுத் தேடல் ஆகாது.

திருப்பித் தருவதிலும் நிதானம் வேண்டும். 2020 ஜூலையில் பிரான்ஸ் 24 மண்டையோடுகளை அல்ஜீரியாவிடம் ஒப்படைத்தது. சுதந்திர தினத்தன்று அவை அடக்கப்பட்டன. அவற்றில் போராளிகள் என்று அடையாளம் உறுதியானவை சிலவே என்று பின்னர் தெரியவந்தது. எனவே யாருடைய எலும்பு, எங்கிருந்து, எப்படிப் போனது என்ற பட்டியலை அருங்காட்சியகங்கள் முதலில் வெளியிட வேண்டும்.

இதை அரசு செய்ய முடியும். திருவாரூர் மாவட்டப் பத்தூர் நடராஜர் சிலைக்காக இந்தியா லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி, 1991இல் அதை மீட்டது. சிலைக்குக் காட்டிய உறுதியை மனிதருக்கும் காட்டட்டும். ஆதிச்சநல்லூரில் ஜாகோர் 1876இல் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போன கதையும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

சபரில் இறந்தவரின் மையத்துக்காகத் தூதரக வாசலில் காத்திருந்த குடும்பங்கள் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் உண்டு. ஊர் மையவாடியில் ஒரு கபுரைக் காட்ட முடியாத வலி அவர்களுக்குத் தெரியும். ஆலம் பேக்கின் வீட்டார் யாரென்றே நமக்குத் தெரியாது. அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் கேட்க வேண்டிய பொறுப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது. அல்லாஹ் அவர்களுடைய கபுருகளை விசாலமாக்குவானாக!