கருப்பனுக்கு வைத்தியம்

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது 'விடாது கருப்பு' பற்றி மறுபடியும் பேச்சு எழுந்தது. டெலிவிஷன் என்ற சொல்லையே மூக்கைப் பொத்திக்கொண்டு உச்சரிக்கும் நம் நண்பர்கள் சிலரும் அந்தத் தொடருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார்கள். அதிலும் அவர்கள் சிலாகிப்பது அதன் முடிவை. கொன்றது கடவுள் அல்ல, பிளவுண்ட மனம் கொண்ட ஒருவன் என்று கடைசியில் தெளிவுபடுத்திவிட்டதாம். மூடநம்பிக்கையில் விழாமல் தப்பியதாம். ஆகவே முற்போக்காம். 'ரசிகன்' என்ற சொல்லுக்கு நம் பக்கங்களில் மரியாதை கிடையாது என்று தெரிந்தே சொல்கிறேன்: நான் அந்தத் தொடரின் ரசிகன். அந்த முடிவை ஒரு துரோகம் என்று சொல்லும் உரிமையும் எனக்கு அதனால்தான் வருகிறது.

பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கி, 1997-98இல் சன் டி.வி.யில் வாராவாரம் வந்தது. திருச்சுழிப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பெட்டி இருந்தால் அதிகம். வாசல்படி வரை ஜனம் உட்கார்ந்திருக்கும். படத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் வெளியே நாய் குரைப்பதும் நின்றுவிட்டதாகத் தோன்றும். நாகாவின் காமிரா அவசரப்படாதது. இருட்டை இருட்டாகவே விட்டுவைக்கத் தெரிந்தது. தோட்டக்காரமங்கலம் என்ற அந்தக் கற்பனை ஊரில் தப்புச் செய்தவன் தண்டிக்கப்படுகிறான். யார் தண்டிக்கிறார்கள் என்பது பல வாரங்கள் முடிவாகாமல் இருந்தது. அந்த வாரங்களில் தொடர் எட்டிய உயரம், நாம் அட்டைப்படத்தில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பல சினிமாக்களுக்கு எட்டாதது.

தோதரோவ் 1970இல் எழுதியது நண்பர்களுக்கு நினைவிருக்கும்: இயற்கையா, இயற்கை கடந்ததா என்று வாசகன் தயங்கி நிற்கும் இடத்தில்தான் அதீதக் கதை உயிரோடு இருக்கிறது, தயக்கம் தீர்ந்த கணத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது. தோதரோவ் சொல்வதற்கு வெகு காலம் முன்பே 'காஞ்சனை'யில் புதுமைப்பித்தன் இதைச் செய்து காட்டிவிட்டார். அவர் நமக்கு விளக்கம் தரவில்லை. தந்திருந்தால் இன்று அந்தக் கதையை யார் படிப்பார்கள்?

ஆனால் என் புகார் வடிவம் பற்றியது மட்டும் அல்ல. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு வருகிற வழியில் பாருங்கள். கரிசல், வேலிக்கருவை, வற்றிய கண்மாய், வருஷத்தில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் குண்டாறு. இந்த மண்ணில் கருப்பன் பயமுறுத்தும் ஆவி அல்ல. அவன் ஒரு கோர்ட்டு. அழகர்கோயிலில் பதினெட்டாம்படியானின் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து வழக்குத் தீர்ப்பது பழைய வழக்கம். சின்ன ஊர்களின் சின்னக் கருப்பன்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கிணற்றுத் தகராறில், வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கை அடித்துச் சொல்ல வேண்டியவன் வியாழக்கிழமை ராத்திரியே வந்து, "முறைத்தண்ணிய நீயே எடுத்துக்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். குதிரை ஓடவில்லை, எவனும் சாகவில்லை. (அந்தக் கோயில் வாசல் எல்லாச் சாதிக்கும் ஒரே தூரத்தில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கோர்ட்டின் ஊழலைத் தனியாக எழுத வேண்டும்.)

தொடரின் நடுப்பகுதி இந்த உண்மையைத் தொட்டுவிட்டது. அங்கே பயந்தவர்கள் எல்லாம் கணக்குத் தீராதவர்கள். முடிவு என்ன செய்தது? ஊருக்குப் பொதுவாக இருந்த ஒரு நீதியைப் பிடுங்கி ராஜேந்திரன் என்ற தனி மனிதனின் மண்டைக்குள் வைத்துப் பூட்டி, அதற்கு மருத்துவப் புத்தகத்திலிருந்து ஒரு பெயரைச் சீட்டாக ஒட்டியது. நோய்க்குப் பெயர் கிடைத்ததும் ஊரின் குற்றங்கள் ஆவியாகிவிட்டன. பக்கத்து வீட்டு அத்தை அன்றைக்கே கேட்டாள்: "கிறுக்குப் பிடிச்ச பயலாடா செஞ்சான்? அப்ப அந்தப் பாவிக செஞ்சதுக்கெல்லாம் யாருடா கேக்குறது?" இதைவிடக் கூர்மையான விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்து நான் பார்க்கவில்லை.

நண்பர்கள் ஏர்வாடியைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகள் காப்பகக் கொட்டகையில் சங்கிலியோடு எரிந்தார்கள். 28 உயிர்கள். இங்கிருந்து அது தூர தேசம் அல்ல. அதற்குப் பின்னும் 'எல்லாம் தெய்வம் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதுகிறவன் அயோக்கியன். நோய் என்றால் டாக்டர்தான் வேண்டும், சங்கிலி அல்ல, வேப்பிலையும் அல்ல. ஆனால் ஏர்வாடியை இந்த முடிவுக்குச் சாட்சியாக அழைப்பதில் ஒரு மோசடி இருக்கிறது. அங்கே எரிந்தவர்கள் யாரையும் கொன்றவர்கள் அல்ல. தொடரோ, மனம் பிளந்தவன் ராத்திரியில் அரிவாள் எடுப்பான் என்று வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிவைத்தது. கருப்பனையும் காப்பாற்றவில்லை, நோயாளியையும் காப்பாற்றவில்லை. இதில் விஞ்ஞானம் எங்கே வந்தது? சங்கிலியை நியாயப்படுத்தும் பயத்துக்கு இங்கிலீஷ் பெயர் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். இதே திருச்சுழியில் 1879இல் பிறந்த ஒரு பையன், 1896இல் மதுரை வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு தன் சாவைத் தானே பார்த்தான். 'நான்' என்பது உடம்பில்லை என்று எழுந்தான். கொஞ்ச நாளில் வீட்டைவிட்டுப் போய்விட்டான். அவனைப் பற்றிய த்ஸிம்மரின் நூலுக்கு, 1944இல், யுங் முன்னுரை எழுதினார். மனத்தின் வைத்தியர்களில் அவ்வளவு பெரியவர், ரமணருக்கு நோயின் பெயர் தேடவில்லை. நம் நண்பர்களும் தேடமாட்டார்கள், அதை 'அனுபவம்' என்பார்கள். குண்டாற்றுக் கரையில் உழுகிறவன் ஒருவன் மேல் கருப்பன் இறங்கினால் மட்டும் சட்டென்று ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவனுக்கு தத்துவம், மற்றவனுக்கு மாத்திரை. எது யாருக்கு என்பதைப் பிரிக்கிற கோடு விஞ்ஞானத்தின் கோடு இல்லை என்பதை இவர்கள் அறியாதவர்களா?

முழுத்தொடரும் இப்போது யூடியூபில் கிடக்கிறது. நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், கடைசிப் பகுதிகளுக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன். அத்தைக்கு அந்த வசதி இல்லை. முடிவு வந்த மறுநாள் களையெடுக்கப் போன இடத்தில், பார்க்காதவர்களுக்கு அவள்தான் கதை சொன்னாள். "கடேசில அவிங்க தப்பாச் சொல்லிப்புட்டாங்கடி" என்று ஆரம்பித்து, முடிவை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொன்னாள். கேட்டவர்கள் ஒருத்தியும் மறுக்கவில்லை.