மணல் நாட்டுக் குளிர்

பாலைவனம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன கொதிக்கும் மணலும் அனற்காற்றுமே. ஆகவேதான், குவைத்துக்குத் தொழில் தேடிச் செல்லும் மகளின் பெட்டியில் தாய் மெல்லிய பருத்தி உடைகளை மாத்திரம் அடுக்குகிறாள். 2016ஆம் ஆண்டு ஜூலையில் 53.9 பாகை வெப்பம் பதிவான நாட்டுக்குக் கம்பளி எதற்கு என்பது அவள் எண்ணம்.

தை பிறந்ததும் அவ்வெண்ணம் பொய்த்துவிடுகிறது. மத்தியதரைக் கடற் பக்கமிருந்து வரும் தாழமுக்கங்கள் மழையைக் கொணர்கின்றன. பின்னர் வடமேல் காற்று வீசுகிறது. பகலிற் பெற்ற சூட்டை வறண்ட மணல் இரவில் விரைந்து இழந்துவிடுகிறது. வெயிலுக்கு அஞ்சிக் கட்டப்பட்ட வீடுகளுக்குள் நுவரெலியாவின் இரவையொத்த குளிர் புகுந்துவிடுகிறது. குவைத்துக்கு வடக்கேயுள்ள பாக்தாத் நகரில் 2008ஆம் ஆண்டு ஜனவரியில் வெண்பனியே பொழிந்ததென்றால் வேறு சான்றும் வேண்டுமோ?

அக்குளிரிலும் கொடியது ஒன்றுண்டு. நடுங்குவோர் சிலர் கதவையும் சாளரத்தையும் அடைத்து, கரிச்சட்டியில் தணல் மூட்டி, அதனருகே உறங்கிவிடுகின்றனர். எரியும் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகை அடங்கிய தணலும் அதனை உமிழும். அவ்வாறு உறங்கியவர் மீண்டும் விழிக்காமலே போவதுண்டு.

தாய்மார்களே, பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டையையும் போர்வையையும் வையுங்கள். கூடவே, “மூடிய அறையில் நெருப்பு வைத்துக்கொண்டு உறங்காதே, பிள்ளை” என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள். கம்பளியைக் காட்டிலும் அவ்வார்த்தையே அவளைக் காக்கும்.