நிர்வாகிக்கு வகுப்பறை, உழைப்பாளிக்குக் கடவுச்சொல்

முப்பது, நாற்பது வயதைக் கடந்தபின் முதுகலைப் படிப்பில் சேரும் அங்கன்வாடி ஊழியரையும் செவிலியரையும் பாதியில் வீழ்த்துவது அறிவுக் குறைவல்ல, தனிமை. வேலையும் வீட்டுச் சுமையும் முடிந்து, நள்ளிரவில் புரியாத பாடத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, "எனக்கும் புரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கேட்போம்" என்று சொல்ல ஒரு சக மாணவி இருந்தால் அடுத்த தேர்வுவரை தாக்குப்பிடிப்பார்.

இது ஆளும் வர்க்கத்துக்குத் தெரியாத உண்மையல்ல. இந்திய மேலாண்மைக் கழகங்கள் பணியிலுள்ள நிர்வாகிகளுக்கு நடத்தும் படிப்புகளில், ஒன்றாகச் சேர்ந்தவர்கள் இறுதிவரை ஒரே அணியாகப் படிக்கின்றனர். குழு விவாதம் உண்டு. வளாகத்தில் கூடிப் பயிலும் நாட்களும் உண்டு. பல லட்ச ரூபாய் கட்டணத்துக்கு அங்கே விற்கப்படும் முதல் சரக்கே இந்தச் சக மாணவர் கூட்டம்தான்.

உழைப்பாளிக்கு என்ன கிடைக்கிறது? 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன்னை 'மக்கள் பல்கலைக்கழகம்' என்று அழைத்துக்கொள்கிறது. அதன் மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இடம் கற்றல் மையம் ஒன்றே. அதுவும் பெரும்பாலும் வேறொரு கல்லூரியின் இரவல் அறை. கற்பிப்பவர்கள் பகுதிநேர ஆலோசகர்கள்.

அந்த மெல்லிய இழையையும் அறுக்கும் திசையில்தான் மோடி அரசு நடைபோடுகிறது. 2035-க்குள் உயர்கல்விச் சேர்க்கையை 50 சதவீதமாக்குவோம் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை; அதற்கு அது காட்டும் வழிகளில் ஒன்று தொலைநிலை, இணையவழிக் கல்வி. கட்டிடம் வேண்டாம், ஆசிரியர் நியமனம் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் உயரும்! 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம்வரை 'ஸ்வயம்' இணையதளத்தில் படிக்க அனுமதித்தது. அதே ஆண்டில் வந்த 'கிரெடிட் வங்கி', கல்வியைத் தனிநபர் சேமிப்புக் கணக்காக்கியது. கணக்குக்கு உரியவர் உண்டு. வகுப்புத் தோழர் இல்லை.

இதற்கு 'நெகிழ்வு' என்று பெயர். இரவுப்பணிச் செவிலியரால் வாரந்தோறும் வகுப்புக்கு வர முடியாது என்பது மெய்யே. ஆனால் வளைய வேண்டியது அவரது முதுகா, முதலாளியின் பணிநேரப் பட்டியலா? சம்பளத்துடன் கல்வி விடுப்பு, மையந்தோறும் நிரந்தர ஆசிரியர், சேர்ந்தவர்களைச் சிறு குழுக்களாக இணைத்துப் பட்டம்வரை கொண்டுசெல்லும் ஏற்பாடு ஆகியவற்றைப் பற்றி அரசு வாய் திறப்பதில்லை. அங்கன்வாடி ஊழியர் விஷயத்தில் அது இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது: 'கௌரவ ஊழியர்' என்று பெயர்சூட்டி மதிப்பூதியம் தருகிறவர்கள், விடுப்பைப் பற்றிப் பேசுமுன் அவரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.